கொசுறு

வியாழக்கிழமைச் சந்தையில் முதலில் வாங்கியது
ஒரு கூட்டுறவு வங்கி கழித்துப்போட்ட பெட்டி.
நெற்றியில் இன்னும் ஒட்டியிருந்தது: சரக்கு எண் 0417.
எத்தனை பேருக்குக் கடன் இல்லை என்று சொன்னதோ,
அறுநூற்றைம்பதுக்கு என்னோடு வரச் சம்மதித்தது.

எல் ஆல்ட்டோவில் காற்றுகூட அளந்துதான் கிடைக்கும்.
அதில் பாதியை நான் கத்தியே தீர்த்துவிடுகிறேன்.
மினிபஸ் கதவில் தொங்கியபடி
செஹா செஹா செஹா, ரியோ செக்கோ,
ஒரு இடம் இருக்கு, ஒரே ஒரு இடம்
காலை ஐந்து மணியிலிருந்து.

முப்பத்தொன்பதில் ஆரம்பிக்கிற விளையாட்டா இது,
என்றாள் அக்கா டெல்ஃபினா.
அந்தக் காசுக்கு இரண்டு ஆடு வருமே.
வரும்.
மூன்றாம் மாடியில் எங்கே கட்ட?

கிராஃபிக்ஸ் கார்டு கிடைத்தது
நீலத் தார்ப்பாய் மேல்,
மிக்ஸி ஜாடிகளுக்கும் ஒற்றைக்கால் பொம்மைக்கும் நடுவில்.
இது சுரங்கத்தில் ஓடினதா என்றேன்,
இணையக் காசு தோண்டும் சுரங்கத்தில்.
யார்தான் ஓடவில்லை என்றான் குரோவர்.
விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தேன்.
ஒருரூரோ சுரங்கத்திலிருந்து திரும்பிய
என் சித்தப்பாவைப் போல இருமவில்லை.
ஐந்நூறு என்றான். முந்நூறு என்றேன்.
நடந்து போனேன். கூப்பிட்டான். திரும்பி வந்தேன்.
முந்நூற்று எண்பது.
கொசுறு? என்று நின்றேன்.
பாதி பிதுக்கிய பசை டியூப் ஒன்றை
என் உள்ளங்கையில் வைத்து மூடினான்,
பல் தேய்த்துவிடாதே என்றான்.

பவர் சப்ளை மட்டும் புதியது.
அதில் மிச்சம் பிடித்த பக்கத்து வீட்டு ரூபெனுக்கு
திரைச்சீலைதான் மிஞ்சவில்லை.

முதல் இரவு
விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது,
திரை மட்டும் கறுப்பு.
ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் தேய்த்தேன்.
மாட்டினேன். கறுப்பு.
இடம் மாற்றி மாட்டினேன். கறுப்பு.
அழவில்லை, ஆனால் ஆடுகளை நினைத்தேன்.
இரண்டு மணிக்குப் புரிந்தது:
வயரை வங்கிக்காலத்துப் பழைய துளையிலேயே குத்தியிருக்கிறேன்.
புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது,
யாரும் கட்டணம் கேட்காத பயணி மாதிரி.

விளையாட்டு இலவசம்.
ரூபெனின் வைஃபையில் இறங்க நான்கு இரவு,
அதற்குக் கூலி, ஒரு வாரம் அவனுக்கு ஓசிப் பயணம்.
ஒரு படகு. ஒரு துடுப்பு. மீதி எல்லாம் கடல்.
எங்கள் நாட்டுக்குக் கடற்படை உண்டு,
கடல்தான் இல்லை.
ஆகவே அது அசலா என்று எனக்குத் தெரியாது.
திக்கித் திக்கி வந்தது அலை,
முதல் கியரில் மேடு ஏறும் எங்கள் வண்டி போல.

நிழலை அணைத்தேன். நான்கு ஃபிரேம் கூடியது.
நீரில் தெரிந்த நிலாவை அணைத்தேன். ஏழு.
கரையோரப் புல், மேகத்தின் ஓரம்,
தூரத்துத் தீவு, ஒவ்வொன்றாக.
கடைசியில் ஒரு நீலத் தகடும் நானும்.
ஆனால் ஓடியது.
எண்ணெய் விட்ட கதவு போல ஓடியது.

இந்த உயரத்தில் தண்ணீர் எண்பத்தாறில் கொதிக்கும்.
என் கார்டு எண்பத்தொன்றில் நிற்கிறது.
பயத்தில் மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.
ஜூன் குளிரில் பெட்டியின் முதுகுப்பக்கம்
கை காய்ச்சவென்று ஞாயிறுதோறும் வருகிறாள் டெல்ஃபினா.
திரையைப் பார்ப்பதில்லை என்பது அவள் கொள்கை.

நேற்று என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்:
அங்கே என்ன இருக்கு, அந்தப் பக்கம்?
தீவு. அணைத்து வைத்திருக்கிறேன்.
போட முடியாதா?
இன்னும் எட்டு ஜிபி ரேம் வேண்டும்.
எவ்வளவு?
நூற்றிருபது சொல்வான்.

கையை அக்குளில் செருகிக்கொண்டு
நீலத் தகட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வியாழக்கிழமை நானும் வருகிறேன், என்றாள்.
உனக்குக் கத்தத்தான் தெரியும்.
பேரம் தெரியாது.